மரத்தளமும் மண்தளமும்

நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் 6,128 அடி உயரத்தில் அமைந்த நகரம். தை, மாசி மாதங்களில் அங்கு விடியற்காலையில் புல்நுனிகளில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். அந்த வேளையில் படுக்கையை விட்டு எழுந்து வெறுங்காலைச் சீமெந்துத் தளத்தில் வைப்பவருக்குக் குளிர் காலடியிலிருந்தே ஏறுகிறது. ஏறத்தாழ 4,000 அடி உயரத்திலுள்ள ஹற்றனில் உறைபனி இல்லை. ஆனால் மாதக்கணக்கில் ஓயாத மழையும் மூடுபனியும் உண்டு. அங்கே சுவரும் துணியும் ஈரம் பிடிப்பதற்கு முன்னரே தரை ஈரம் பிடித்துவிடும்.

தமிழ்நாட்டுச் சமவெளியிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வீடு கட்டியவர்கள், வெயிற்காலத்தில் படுத்தால் உடம்பு குளிரும் தரையையே நல்ல தரை என்று மதித்தனர். மலைநாட்டில் அந்த அறிவு தலைகீழாக மாறவேண்டியிருந்தது. அங்கே காலுக்கு இதமான தரை வேண்டும். நிலத்தின் ஈரத்திலிருந்து விலகிய தரை வேண்டும். அதற்குக் கிடைத்த விடை மரத்தளம். தேயிலைத் தோட்டங்களின் பழைய பங்களாக்களில், மெழுகு பூசித் துடைத்த பலகைகளையும், சிறு மரக்கட்டைகளைக் கோலம்போல் அடுக்கிய தளங்களையும் இன்றும் காணலாம். அந்தத் தளங்கள் எவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்டன, எங்கிருந்து வந்தன, யாரால் பேணப்பட்டன என்று தேடிச் சென்றால், மலையகத்தின் நூற்றைம்பது ஆண்டு வரலாறு அத்தளங்களின் அடியிலேயே கிடப்பது தெரியும்.

தொடக்கத்தில் துரைக்கும் தொழிலாளிக்கும் தரை ஒன்றே. 1824 முதல் 1831 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்த சேர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கோப்பிப் பயிர்ச்செய்கை ஊக்கம் பெற்றது. கண்டிக்குப் பெருந்தெருவும் அவர் காலத்தில் அமைந்தது. அவர் நுவரெலியாவில் தமக்கென ஒரு மாளிகை கட்டினார். அதுவே பிற்காலத்தில் கிராண்ட் ஹோட்டலாக விரிந்தது. ஆனால் தேசாதிபதியின் மாளிகை வேறு. காட்டுக்குள் புகுந்த கோப்பித் துரையின் குடில் வேறு. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் மலைக்காடுகளை முடிக்குரிய நிலமாக்கியது. அந்நிலத்தை விலைக்கு வாங்கிய வெள்ளைக்கார இளைஞன், முதலாண்டில் கம்பும் மண்ணும் கொண்டு எழுப்பிய குடிலில், மானாப்புல் வேய்ந்த கூரையின் கீழ், மண்தரையின் மேல்தான் உறங்கினான். மழை பெய்தால் அவன் தரையும் சேறானது. அட்டைக்கடி அவனுக்கும் இருந்தது. நூறு முழத்துக்கு அப்பால், தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்த தொழிலாளர் தங்கிய குடிசைகளிலும் இதே மண், இதே புல், இதே சேறு.

காடழித்த முறையையும் சற்றே நோக்கவேண்டும். மரம் வெட்டுவோர் மலைச்சரிவின் அடியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு மரத்தையும் பாதியளவு வெட்டிவிட்டு மேலேறிச் செல்வர். உச்சியிலுள்ள பெருமரங்களை மட்டும் முழுவதும் வெட்டிச் சாய்ப்பர். அவை கீழேயுள்ளவற்றின் மேல் விழ, அவை தமக்குக் கீழுள்ளவற்றின் மேல் விழ, ஒரு சரிவு முழுவதும் பேரிடிபோன்ற ஓசையுடன் சரிந்து படியும். சில வாரங்கள் காயவிட்டுத் தீ வைப்பர். கீனையும் தம்பையும் தொன் மரமும் சாம்பலாயின. தளமிடவும் தூண் நாட்டவும் கூரைத்தகடு சீவவும் பயன்பட்டிருக்கக் கூடிய மரங்கள் அவை. வேலை விரைவாக முடிய வேண்டும் என்ற ஒரே எண்ணம் இருந்த காலத்தில், மரத்தை அறுத்துக் காயவைத்துப் பக்குவப்படுத்தும் பொறுமை எவரிடமும் இருக்கவில்லை. 1873ஆம் ஆண்டளவில், கியூ தாவரவியற் பூங்காவின் தலைவர் ஜோசப் ஹூக்கரின் அறிவுரைக்குப் பின்னரே 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை விற்பதற்குத் தடை வந்தது. அதற்குள் பல பள்ளத்தாக்குகள் மொட்டையாகிவிட்டன.

கோப்பிக்கு இலைத்துரு நோய் வந்தது 1869இல். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி சாய்ந்த பின் தேயிலை எழுந்த கதை நேயர்கள் நன்கறிந்தது. தளத்தின் வரலாற்றுக்கு அதிலிருந்து வேண்டுவது ஒன்றுதான். கோப்பி பருவத்துக்குப் பருவம் ஆள் திரட்டிச் செய்த தொழில். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க ஆண்டு முழுவதும் ஆட்கள் வேண்டும். அவர்களை மேற்பார்க்கும் துரையும் அங்கேயே நிலைத்திருக்க வேண்டும். ஆகவே இருவருக்கும் நிலையான குடியிருப்புகள் எழுந்தன. துரைக்குப் பங்களா, தொழிலாளருக்கு லயம். மண்தரையில் ஒன்றாயிருந்த இருவரின் பாதங்களும் பிரிந்தது இந்த இடத்தில்தான்.

பங்களாவுக்கு மரம் எங்கிருந்து வந்தது? சுற்றிலும் இருந்த காட்டை எரித்தவர்களுக்கு மரத்தை வெளியிலிருந்தே கொண்டுவர வேண்டியிருந்தது. இலங்கையின் உலர்வலயத்தில் அருமையான மரங்கள் இருந்தன. முதிரை, கருங்காலி, பாலை, ஆங்கிலேயர் 'திருகோணமலை மரம்' என்று பெயரிட்ட ஹல்மில்ல ஆகிய இவை உலகறிந்தவை. முதிரையின் உறுதிக்கு ஒரு சான்று பேராதனையில் இருந்தது. மகாவலி கங்கையின் குறுக்கே ஒரே வளைவாக 1833இல் அமைக்கப்பட்ட முதிரை மரப்பாலம் 1905 வரை வண்டிகளைத் தாங்கியது. மலைநாட்டுக்கு ஏறிய அரிசி மூடைகளும், இறங்கிய கோப்பி மூடைகளும் அந்த மரத்தின் மேலேயே சென்றன. எனினும் முதிரையும் கருங்காலியும் மேசைக்கும் அலுமாரிக்கும் அலங்காரப் பெட்டிக்குமே பெரிதும் போயின. ஓர் அறை முழுவதும் பரப்புவதற்கு அவை கடினமானவை, விலையும் மிகுதி. பலா மரம் தென்மேற்கில் தாராளமாகக் கிடைத்தது. மொறட்டுவைத் தச்சர்களின் கைக்கு மிகப் பழகியதும் அதுவே. ஆயினும் வசதி படைத்த துரை நாடியது பர்மாத் தேக்கு.

அதற்குக் காரணம் வெறும் பகட்டன்று. வெட்டிய பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது. ஆகையால் பர்மாவில், நிற்கும் மரத்தின் அடியில் பட்டையையும் வெளிமரத்தையும் வளையமாக வெட்டிவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் நின்றபடியே காயவிடுவர். அதன் பின்னரே வீழ்த்தி, யானைகளைக் கொண்டு ஆற்றுக்கு இழுத்து, தெப்பமாகக் கட்டி மிதக்கவிடுவர். இவ்வாறு மரம் ஆலைக்கு வரும்போதே பாதி பக்குவப்பட்டு விடுகிறது. தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. கறையான் அதை எளிதில் நாடுவதில்லை. ஈரத்தில் உப்புவதும் வெயிலில் சுருங்குவதும் மற்ற மரங்களைவிடக் குறைவு. காலையில் பனியும் நண்பகலில் வெயிலும் மாலையில் மழையும் மாறி மாறி வரும் ஊரில் இந்தக் குணம் பொன்னுக்கு நிகர்.

இறங்குதுறையிலிருந்து மலையுச்சிக்கு அம்மரம் வருவதும் எளிதாயிற்று. புகையிரதப் பாதை 1884இல் ஹற்றனை எட்டியது. 1885இல் நானுஓயாவை எட்டியது. அதே 1885இல், கடலுக்கு அப்பால் பர்மாவில், பம்பாய்-பர்மா வாணிகக் கழகத்தின் மீது மாந்தலே அரசு விதித்த தண்டம் காரணமாக ஆங்கிலேயர் போர் தொடுத்து மேல்பர்மாவைக் கைப்பற்றினர். அந்தத் தண்டமும் தேக்கு மரம் பற்றியதே. நுவரெலியாவை நோக்கிப் பாதையும், பர்மாக் காடுகளை நோக்கிப் படையும் ஒரே ஆண்டில் சென்றன. இரண்டையும் எவரும் சேர்த்துத் திட்டமிடவில்லை. ஆயினும் இரண்டின் பயனும் ஒரு பங்களாவின் தளத்தில் சந்தித்தது.

அதே தேக்கு வேறொரு திசையிலும் சென்றது. பர்மாவில் வட்டித்தொழில் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார், காரைக்குடிப் பக்கத்தில் தாங்கள் எழுப்பிய மாளிகைகளுக்குப் பர்மாத் தேக்கைக் கொண்டுவந்தனர். ஆனால் அவர்கள் அதைத் தூணாக நிறுத்தினர்; கதவாகச் செதுக்கினர்; தரையில் பரப்பவில்லை. தரைக்கு ஆத்தங்குடியில் கையால் வார்த்த வண்ணக் கற்களையும் பளிங்கையும் தெரிந்தெடுத்தனர். வெப்ப நாட்டுக்காரருக்கு மரம் கண்ணுக்கு, தரை காலுக்கு. புதுக்கோட்டை, இராமநாதபுரம், திருச்சி, சேலம் சீமைகளிலிருந்து தோட்டங்களுக்கு வந்த குடும்பங்களுள் பலர், தங்கள் ஊர்ப்பக்கத்துச் செட்டியார் வீட்டில் தேக்கைத் தலைக்கு மேலே பார்த்தவர்களாக இருந்திருக்கக் கூடும். மலைக்கு வந்து, அதையே காலுக்குக் கீழே பார்த்தார்கள். அதுவும் பிறர் காலுக்குக் கீழே.

இனி, தளம் எவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்டது என்பதைக் காண்போம். பங்களா, சரிவை வெட்டிச் சமப்படுத்திய மேட்டில் அமையும். கருங்கல் அடித்தளத்தின் மேல் உத்தரங்களைக் கிடத்தி, அவற்றின் மீது பலகை பரப்புவது பழைய முறை. அடித்தளச் சுவரில் காற்றுத்துளைகள் விடுவர். அத்துளைகளை இலையும் மண்ணும் மூடிவிட்டால் தளம் அடியிலிருந்து உளுத்துப்போகும். மேலே எவ்வளவு மெழுகு பூசினாலும் பயனில்லை. அனுபவமுள்ள தச்சன் பழைய பங்களாவுக்கு வந்தால் முதலில் வெளியே சென்று அந்தத் துளைகளைத்தான் பார்ப்பான்.

நீண்ட பலகைகளை நாக்கும் பள்ளமுமாகப் பொருத்துவது எளிய தளம். படுக்கை அறைகளுக்கு இதுவே போதும். கோலத் தளம் என்பது வேறு. அதனைப் பிரெஞ்சு மொழியில் பார்க்கே என்பர். சிறு அடைப்பு என்பது அச்சொல்லின் பொருள். பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் 1684இல் பளிங்குத் தளத்தைப் பெயர்த்துவிட்டு மரக்கோலத் தளமிட்டனர். பளிங்கைக் கழுவக் கழுவத் தண்ணீர் கசிந்து கீழேயிருந்த உத்தரங்கள் உளுத்துப் போனதே காரணம். ஆக, அரசனின் மாளிகையிலும் இந்தக் கலை அழகுக்காக மட்டும் புகவில்லை. ஈரத்துக்கு அஞ்சியே புகுந்தது. நுவரெலியாவின் அச்சமும் அதுவே.

கோலத்துக்குத் தச்சுநூற் காரணமும் உண்டு. மரம் நீளவாட்டில் ஏறக்குறைய மாறுவதேயில்லை. குறுக்குவாட்டில் உப்பும், சுருங்கும். அகலமான பலகை சுருங்கினால் இரண்டு பலகைகளுக்கிடையே விரல்நுழையும் வெடிப்பு விழும். அதே மரத்தை ஒன்பது அங்குல நீளமும் மூன்று அங்குல அகலமும் ஓரங்குலக் கனமும் உள்ள சிறு கட்டைகளாக்கி, ஒன்றுக்கொன்று குறுக்காக அடுக்கினால், அசைவு ஆயிரம் இணைப்புகளில் பங்கிடப்பட்டுக் கண்ணுக்குத் தெரியாமற் போகும். கட்டைகளைச் சரித்துச் சரித்து மாற்றி வைத்தால் மீன்முள் கோலம். மூன்று மூன்றாகச் சேர்த்துத் திசை மாற்றினால் கூடைப்பின்னல். இருநிற மரங்களைச் சதுரமாக மாற்றி வைத்தால் சதுரங்கப் பலகை. சீமெந்துப் படுக்கையின் மேல் கொதிக்கும் கீல் ஊற்றி அதில் கட்டைகளைப் பதிக்கும் முறை வந்தபின், தளத்தின் கீழ் வெற்றிடமும் தேவைப்படவில்லை. சுவரோரத்தில் மட்டும் சிறிது இடைவெளி விட்டு அதை மறைத்துச் சட்டம் அடிப்பர்; மழைக்காலத்தில் தளம் முழுவதும் உப்பும்போது விலகிக்கொள்ள அந்த இடம் வேண்டும். இடைவெளி விட மறந்த தளம் முதல் பருவமழையிலேயே நடுவில் முதுகு தூக்கி எழும்.

வரவேற்பறைக்கும் விருந்து மண்டபத்துக்கும் கோலத்தளம், படுக்கையறைக்குப் பலகை, மழைச்சாரல் படும் முன்தாழ்வாரத்துக்குச் சிவப்புச் சாயமிட்ட சீமெந்து, சமையற்கட்டுக்கு வெறுஞ்சீமெந்து. இதுவே பொதுவாகப் பொருந்திய ஒழுங்கு. விருந்தினர் எவ்வளவு தூரம் உள்ளே வரலாம் என்பதையும், வேலைக்காரன் எங்கே நின்றுவிட வேண்டும் என்பதையும் சொல்லாமற் சொல்வதற்கு இந்த ஒழுங்கு உதவிற்று என்பதையும் மறுப்பதற்கில்லை.

இவ்வகைத் தெரிவின் உச்சத்தைக் காண விரும்புவோர் நுவரெலியாவுக்கு அப்பால், அதே புகையிரதப் பாதையில், அப்புத்தளைக்குச் செல்லவேண்டும். அங்கே சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அடிஷாம் மாளிகை இருக்கிறது. 1887இல் இலங்கைக்கு வந்து தோட்டத்தொழில் பழகி, பின்னர் ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பனியின் தலைவராக உயர்ந்தவர் அவர். இங்கிலாந்தின் கென்ற் பகுதியில் தாம் பிறந்த ஊரின் பெயரையே மாளிகைக்கு இட்டார். கருங்கற் சுவர், பர்மாத் தேக்கில் கதவு, சாளரம், படிக்கட்டு, தளம். கூரைக்கும் முதலில் தேக்குத் தகடுகளையே வேய்ந்தனர் என்றால் அந்தத் தெரிவின் ஊக்கத்தை உணரலாம். பிறந்த மண்ணை விட்டு வந்த ஒருவர், தம் முதுமையில், காலடியிலும் தலைக்கு மேலும் தாம் விரும்பியதையே அமைத்துக் கொண்டார். 1961இல் அது பெனடிக்ரின் துறவிகளின் இல்லமாயிற்று.

அடிஷாம் எழுந்த காலம் உலகப் பொருளாதார மந்தம். தேயிலை விலை வீழ்ந்துகொண்டிருந்தது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்படி 1929 தொடக்கத்திலிருந்து மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும், பெண்ணுக்கு 43 சதமும், பிள்ளைக்கு 32 சதமும் குறைந்தபட்சக் கூலியாக நிருணயிக்கப்பட்டிருந்தன. மந்தம் வந்ததும் அந்தக் கூலியும் குறைக்கப்பட்டது. தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் ஹற்றனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியதும் அதே 1931இல்தான்.

லயத்துக்கு வருவோம். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள். காம்பரா ஒன்று பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னே சிறிய இஸ்தோப்பு. சில இடங்களில் முதுகோடு முதுகாக இரட்டை வரிசை. அங்கு பின்சுவரில் சாளரமும் இல்லை. தரை மண். சமையல், படுக்கை, பேறு, சாவு அனைத்தும் அந்தத் தரையில். இருபதடிக்கு முப்பதடியுள்ள ஒரு வரவேற்பறையைக் கோலத்தளமாக்க மேற்சொன்ன அளவுக் கட்டைகள் 3,200 வேண்டும். ஒரு காம்பராவுக்கு 640 போதும். அதாவது ஒரு பங்களாவின் ஓர் அறை ஐந்து குடும்பங்களின் வீடு.

ஆயினும் மண்தரையை அறிவில்லாதவர் தரை என்று எண்ணிவிடக் கூடாது. அதற்கும் ஒரு தொழில் உண்டு. செம்மண்ணைச் சலித்து, நீர்விட்டுப் பிசைந்து, பரப்பி, மரக்கட்டையால் அடித்து இறுக்குவர். சுவரும் தரையும் கூடும் மூலையை வளைவாக மெழுகுவர், குப்பை தங்காதபடி. பிறகு சாணமும் நீரும் கரைத்து, வலக்கையை அரைவட்டமாக வீசி, கைத்தடம் ஒன்றன்மேலொன்று ஏறும்படி பின்னோக்கி நகர்ந்து மெழுகுவர். காய்ந்தபின் அந்த அரைவட்டங்கள் மீன்செதில்போல் வரிசையாகத் தெரியும். வெள்ளிக்கிழமைக்கு ஒருமுறை, பண்டிகைக்கு முன் ஒருமுறை. பெரட்டுக்குப் போகுமுன் விடிவதற்குள் இதைச் செய்து முடித்தவர்கள், பகல் முழுவதும் கூடை சுமந்து கொழுந்து பறித்த பெண்கள். மார்கழியிலும் தைப்பொங்கலிலும் அந்தத் தரையின் மேல் அரிசிமாவுக் கோலம் எழும். அதுவும் புள்ளி பிசகாத கோலம். கணக்குத் தெரிந்த கை இட்ட கோலம். பங்களாவில் மீன்முள் கோலத்தைக் கண்டு வியந்த விருந்தினர், அடிவாரத்து லயத்தில் நாள்தோறும் அழிந்து நாள்தோறும் பிறக்கும் கோலத்தைக் கண்டதாகக் குறிப்புகள் அரிது.

மலைநாட்டு ஈரத்தில் மண்தரை காய்வதேயில்லை. சுற்றுப்புறத்து ஈரமண்ணோ மற்றொரு கேட்டையும் வைத்திருந்தது. கொக்கிப்புழுவின் குஞ்சு ஈரமண்ணில் வாழ்ந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே புகுவது. மலைக்கூடம் இல்லாத லயங்களின் பக்கத்து மண்ணெல்லாம் அதன் இருப்பிடமாயிற்று. ரொக்கபெல்லர் நிறுவனத்தார் 1916இல் மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம், நோயுற்றோர் தொகை எவ்வளவு பெரிதென்பதை வெளிப்படுத்தியது. மருந்து கொடுத்தால் புழு விழும். அதே மண்ணில் நடந்தால் மீண்டும் ஏறும். மலைக்கூடம் கட்டு என்று மருத்துவர் சொன்னார். கட்டுவதற்கு எவ்வளவு செலவாகும் என்று கம்பனி கணக்குப் பார்த்தது. காலணி அணிந்து மரத்தளத்தில் நடந்தவர்களுக்கு இந்த நோய் ஏன் வரவில்லை என்பதற்கு மருத்துவ நூல் தேவையில்லை.

பங்களாவின் தளம் தானாகப் பளபளக்கவில்லை. தேன்மெழுகை உருக்கி, டர்பன்டைன் எண்ணெய் கலந்து, துணியால் பூசி, காய்ந்தபின் தேய்க்கவேண்டும். தேய்ப்பதற்குத் தேங்காய் மட்டையைப் பாதியாக வெட்டி, நார் முகம் கீழே இருக்க வைத்து, அதன்மேல் ஒரு காலை ஊன்றி, இடுப்பை அசைத்து, முன்னும் பின்னும் வீசுவர். இலங்கை முழுவதும் பழகிய முறை இது. மீன்முள் தளத்தில் மரவரியின் திசை கட்டைக்குக் கட்டை மாறுவதால் தேய்க்கும் காலும் திசை மாறவேண்டும். ஒருவருக்கு ஓர் அறையே அரை நாள் வேலை. இதைச் செய்த பங்களாவேலையாட்களிற் பலர் லயங்களிலிருந்தே வந்தனர். ஆக அந்தத் தளத்தின் ஒவ்வோர் அங்குலமும், அதில் வாழ்ந்தவரைவிட, தேய்த்தவரின் பாதத்துக்கே நன்றாகத் தெரியும். மாலையில் அதே பாதம் மண்தரைக்குத் திரும்பிற்று.

மரத்துக்கும் மண்ணுக்கும் உள்ள விலை வேறுபாட்டைவிட ஆழமான வேறுபாடு ஒன்று இங்கே உண்டு. துரை தன் தளத்தைத் தெரிந்தெடுத்தான், அல்லது அவனுடைய கம்பனி அவனுக்காகத் தெரிந்தெடுத்தது. லயத்தவருக்குத் தெரிவு என்பதே இல்லை. காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரை குடியிருப்பு. பற்றுச்சீட்டில் பெயர் நீங்கினால் வீடும் நீங்கும். சேமித்த காசில் ஒரு மூடை சீமெந்து வாங்கித் தரையைப் பூசினால், அது யாருடைய தரைக்கு இட்ட சீமெந்து? விருந்தாளி வந்து அமர்வதுகூடத் தோட்டத்தின் அனுமதிக்கு உட்பட்டதாயிருந்தது. தொழிற்சங்கத்தார் லயத்துக்குள் நுழைவது அத்துமீறல் எனக் கருதப்பட்ட காலத்தில், நடேசய்யர் புடைவை வியாபாரிபோல் வேடம்பூண்டு தோட்டங்களுக்குள் சென்றார் என்று மலையகத்தில் இன்றும் சொல்வர். தன் வீட்டுத் தரையில் இன்னாரை உட்காரவைக்கலாம் என்ற உரிமையே இல்லாதவனிடம், அத்தரை எம்மரத்தால் ஆகவேண்டும் என்று எவரும் கேட்கப்போவதில்லை.

1942இல் ஜப்பானியர் இரங்கூனைப் பிடித்ததும் பர்மாத் தேக்கின் வரவு அற்றது. போருக்குப் பின் கட்டிய வீடுகளில் சிவப்புச் சீமெந்துத் தளமே மிகுந்தது. லயங்களிலும் மெல்ல மெல்ல மண்தரை சீமெந்தாயிற்று. நல்ல மாற்றந்தான், ஆனால் குளிர் குறையவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அந்தத் தரையில் நின்றவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. தலைமுறை தலைமுறையாக மெழுகிய தரையை விட்டு இலட்சக்கணக்கானோர் கப்பலேறினர். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இல் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளுக்குச் சென்றது. பங்களாவில் குடியிருந்தோர் மாறினர். தேங்காய் மட்டையும் மெழுகும் மாறவில்லை. பின்னர் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரையிலும் நோர்வூட் பக்கத்திலும் சில பங்களாக்கள் உல்லாச விடுதிகளாயின. வெளிநாட்டிலிருந்து வருவோர் அப்பழைய மரத்தளங்களில் நடப்பதற்கென்றே பணம் கொடுக்கின்றனர்.

இன்றும் பல்லாயிரம் குடும்பங்கள் லயங்களில் வாழ்கின்றன. ஆயினும் அண்மை ஆண்டுகளில் இந்திய உதவியுடன் தனி வீடுகள் எழுந்துள்ளன: ஏழு பேர்ச் காணி, 550 சதுர அடி வீடு. பழைய காம்பராவின் 120 சதுர அடியோடு ஒப்பிட்டால் நாலரை மடங்கு. காணியுறுதி கைக்கு வருவதில் தாமதமும் வழக்கும் இன்னும் உண்டு. அது தனியாகப் பேசவேண்டிய செய்தி. தன் பெயரில் வீடு பெற்ற குடும்பம் அடுத்துப் பேசுவது பெரும்பாலும் தரையைப் பற்றியே. கொழும்பில் வேலைசெய்யும் மகன் வெள்ளைப் பளிங்கு ஓடு போடவேண்டும் என்கிறான். தாய், அது குளிரும், மழைநாளில் வழுக்கும், சிவப்புச் சீமெந்தே போதும் என்கிறாள். மரக்கோலம்போல் அச்சிட்ட ஓடுகளும் நுவரெலியாக் கடைகளில் வந்துவிட்டன. சபுக்கு மரத்தை அறுத்து ஓர் அறைக்காவது பலகை போடலாமா என்று கேட்போரும் உண்டு. தேயிலைக்கு நிழலுக்காக நட்ட மரம் அது. அதை வெட்டுவதற்கு அனுமதி வேண்டும்.

எந்தத் தரை வந்தாலும் வாசலில் ஒரு முழம் இடத்தை அவர்கள் வெறுஞ்சீமெந்தாகவே விட்டு வைக்கிறார்கள். பளிங்கு ஓட்டில் அரிசிமாக் கோலம் நிற்பதில்லை, காற்றடித்தால் பறந்துவிடுகிறது.